பம்பரம் எண்ணெய் விட்ட டேப் ரிக்கார்டர்

என் தங்கைக்குத் தெருவில் பம்பரம் என்று பெயர். வைத்தது நான்தான். பொருத்தமான பெயர் வைப்பதில் எனக்கு நிகர் கிடையாது. அவள் உட்கார்ந்து நான் பார்த்தது தையல் மெஷின் முன்னால் மட்டுமே. அங்கேயும் கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுந்து போய் அதையே திறப்பாள். கேட்டால், "புழுங்குதுண்ணே" என்பாள். அப்புறம் ஏன் சாத்தினாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் முதல்முதலாக ஒரு டேப் ரிக்கார்டரைத் திறந்து பார்த்து, திரும்ப மூடி, பாடவும் வைத்த கை என் கை. திறந்தவர்கள் பலர் உண்டு. மூடியவன் நான் ஒருவன்தான்.

எல்லாம் எங்கள் அப்பாவின் கிராமபோனிலிருந்து ஆரம்பித்தது. அது பாதி பழுதோடு வீட்டுக்கு வந்தது. சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சுற்றும், பிறகு சுருதி இறங்கிப் பாடகர் தூங்கி விழுவது போல ஆகிவிடும். நான் அதன் வயிற்றைக் கழற்றி, சுருள்வில்லை எடுத்துத் துடைத்து மாட்டினேன். அப்போது எனக்குப் பால் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயசு. பம்பரம் என்ன செய்வாள் தெரியுமா? இசைத்தட்டின் மேல் விரலை வைத்து வேகமாகச் சுற்றிவிடுவாள். பாட்டு எலி கத்துவது போல ஓடி முடியும். "ஏன்டி இப்படிப் பண்றே?" என்று தலையில் ஒன்று வைத்தால், "எப்படி முடியுதுன்னு பாக்கணும்" என்பாள். பாட்டில் முடிவு பார்க்கிற பிறவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒலியைப் பிடித்து வைத்த சரித்திரத்தைப் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். முதலில் தகரத்தாளில் கீறினார்கள், பிறகு மெழுகில், பிறகு அரக்குத் தட்டில், பிறகு இரும்புக் கம்பியில், அதற்கும் பிறகு துருப்பொடி பூசிய நாடாவில் என்று வரிசையாகச் சொல்வார்கள். தகரத்தாளையும் மெழுகையும் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவன் நான். என்னைக் கேட்டால், மனிதன் குரலைப் பதியக் கற்றது பெரிய காரியம் இல்லை. அழிக்கக் கற்றதுதான் பெரிய காரியம். இசைத்தட்டில் கீறியது கீறியதுதான். உடைத்தால்தான் போகும். டேப் அப்படியில்லை. மேலே பேசினால் கீழே இருந்தது போய்விடும். அந்த வேலையைச் செய்வது எரேஸ் ஹெட் என்கிற ஒரு சின்னத் தலை. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பதிவு செய்கிற தலைக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற நாடாவைச் சிலேட்டைத் துடைப்பது போலத் துடைத்து அனுப்பும். சுத்தமான சிலேட்டில் அடுத்த தலை எழுதும். இப்போது என் தங்கையின் பேத்தி கைபேசியில் பேசி அனுப்புகிறாள், பிடிக்கவில்லை என்றால் ஒரு தட்டில் அழித்துவிடுகிறாள். போன இடத்திலும் அழிந்துவிடுமாம். அந்தக் காலத்தில் போனது போனதுதான்.

பம்பரத்தைக் கட்டியவர் ஒரு வெல்டர். கடலுக்கு அப்பால் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை. மாப்பிள்ளை நல்ல மனுஷன், ஆனால் வாய்க்குப் பூட்டுப் போட்டவர். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் என் தங்கை ஒரு பாவாடை தைத்து முடித்துவிடுவாள். எழுதவும் இரண்டு பேருக்கும் பொறுமை கிடையாது. அதனால் டேப்பில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். அப்போது பல வீடுகளில் அதுதான் வழக்கம். கேசட்டைத் துணியில் சுற்றி, மேலே தைத்து, தபாலில் போடுவாள். பத்திரமாகப் போய்ச் சேரும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அவரோடு சேர்த்து ஆறு பேர் ஒரே அறையில் இருந்தார்கள். யார் வீட்டு டேப் வந்தாலும் அறையே சேர்ந்து உட்கார்ந்து கேட்கும். ஒருவன் பிள்ளை பாடினால் ஆறு பேரும் கை தட்டுவார்கள். ஒருவன் அம்மா அழுதால் ஆறு பேரும் மூக்கைச் சிந்துவார்கள். இது எங்களுக்கும் தெரியும். அதனால் பம்பரம் டேப்பில் பேசும்போது, "அறையில இருக்கிற அண்ணன்மார் எல்லாரும் சௌக்கியமா?" என்று மரியாதையாகத்தான் ஆரம்பிப்பாள்.

டேப் ரிக்கார்டர் மாப்பிள்ளை அனுப்பியது. பளபளவென்று இருக்கும். என் ரேடியோ ரிப்பேர் கடையில் ஒன்று வாங்கிக்கொள் என்றேன். "வெளியூர் மெஷின் மாதிரி வருமா?" என்று சொல்லிவிட்டாள். அதைத் தையல் மெஷின் பலகையின் ஓரத்திலேயே வைத்திருந்தாள்.

ஒரு நாள் மாப்பிள்ளையின் டேப் வந்தது. எல்லாரும் நலமா என்று கேட்டுவிட்டு, கடைசியில், இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலையை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். ஊருக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவள் இவள். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நான் கடையில் இருந்தேன். சில நாள் கழித்து ஒரு பகலில், பம்பரம் டேப் ரிக்கார்டரை இடுப்பில் குழந்தை போல இடுக்கிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்து இழுத்தபடி கடைக்குள் வந்தாள்.

"அண்ணே, இதைப் பாரு. இவ பாட்டுக்குள்ள எவனோ பேசுறான்."

மகளுக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி. பழைய டேப் ஒன்றில், ரேடியோவிலிருந்து பிடித்த எதன் மேலேயோ பாட வைத்திருக்கிறாள். போட்டுப் பார்த்தால், குழந்தை பாடுகிறது. நடுவில் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல், பரவலாக மழை பெய்யக்கூடும் என்கிறது.

"மாமா, என் பாட்டுக்குள்ள ஒரு வானிலை மாமா இருக்காரு" என்றாள் குழந்தை.

மூடியைக் கழற்றினேன். குப்பென்று வாசனை.

"என்னடி எண்ணெய் வாசனை அடிக்குது?"

"கீச்சு கீச்சுன்னு கத்திச்சு. ரெண்டு சொட்டு விட்டேன்."

"எதை?"

"மெஷின் எண்ணெய்தான். நல்ல எண்ணெய்ண்ணே."

"ஏன், சமையல் எண்ணெய் தீந்துபோச்சா?"

"உங்கிட்ட கொண்டாந்தா ஒரு வாரம் வச்சுக்குவே. அப்புறம் 'நான் தொட்டேன், ஓடுது'ன்னு தெரு முழுக்கத் தம்பட்டம் அடிப்பே."

தையல்காரி செய்கிற தப்புதான் அது. தையல் மெஷின் கீச்சிட்டால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். டேப் ரிக்கார்டருக்கு அது விஷம். உள்ளே பார்த்தால், பள்ளிக்கூடச் சீருடைத் துணியின் நீலப் பிசிறு எல்லாம் எண்ணெயில் ஊறி, எரேஸ் ஹெட்டின் மேல் பாய் விரித்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. நாடா அதன் மேல் ஏறிப் போகிறது. தலையைத் தொடவே இல்லை. துடைக்காத சிலேட்டில் எழுதினால் என்ன ஆகும்? பழையது அடியில் மங்கலாக இருக்கும், புதியது மேலே இருக்கும்.

இதை நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் பார்த்தால், பம்பரம் என் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சும்மா. கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"என்ன ஆச்சு?"

குழந்தையை வாசலில் போய் விளையாடச் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவருக்கு டேப் அனுப்பினேன். முந்தாநாள்."

"சரி."

"மொதல்ல கோவத்துல பேசினேன். அப்புறம் அது மேலயே நல்லபடியா பேசி அனுப்பினேன்."

"எண்ணெய் விட்டது எப்ப?"

"அதுக்கு முன்னாடி."

அவள் கோபத்தில் பேசியதை எனக்கும் சொன்னாள். நான் ஆம்பளைக்கு வாக்கப்பட்டேனா, டேப்புக்கு வாக்கப்பட்டேனா என்று கேட்டிருக்கிறாள். உன் பொண்ணுகிட்ட அப்பா எங்கேன்னு கேட்டா இந்தப் பெட்டியைத்தான் காட்டுது என்று சொல்லியிருக்கிறாள். நீ அங்கேயே இரு, இனிமே வராதே, வந்தா கதவைத் திறக்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று கூப்பிட்ட புருஷனை வரிக்கு வரி 'நீ' என்றிருக்கிறாள். பேசி முடித்து, அழுது, முகம் கழுவி, மறுநாள் காலையில் சாந்தமாக உட்கார்ந்து, உடம்பைப் பாத்துக்கோங்க, எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க என்று மேலே பேசிவிட்டாள். அதன் கடைசியில் மாமியாரும் இரண்டு வார்த்தை ஆசீர்வாதம் சொன்னாராம்.

"ஆறு பேரும் கேப்பாங்கண்ணே" என்றாள். எழுந்துவிட்டாள்.

நேராகத் தபால் ஆபீசுக்கு ஓடினாள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன்.

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார், "பை அன்னைக்கே போயிடுச்சேம்மா."

"லாரி எந்தப் பக்கம் சார் போச்சு?"

"ஏன், ஓடிப் பிடிக்கப் போறியா?"

"அண்ணன்கிட்ட சைக்கிள் இருக்கு சார்."

"கப்பல்ல ஏத்தியிருப்பாங்கம்மா. அதுக்கும் சைக்கிள் வச்சிருக்காரா?"

வெளியே வந்ததும் தந்தி கொடுக்கலாம் என்றாள். 'டேப்பைக் கேட்க வேண்டாம்' என்று.

"உனக்கு மூளை இருக்கா? திறக்காதேன்னு எழுதி ஒரு பெட்டியை அனுப்பினா, திறக்காத ஆம்பளை எவன் இருக்கான்? ஆறு பேரும் முன் வரிசையில இடம் பிடிச்சு உக்காருவானுங்க" என்றேன். அவள் என்னை முறைத்தாள். ஆனால் தந்தி கொடுக்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மாதிரி யோசனை எனக்குத்தான் வரும். பிசிறைத் துடைக்காமல் அப்படியே வைத்து, அதே மெஷினில், ஒரு புது டேப்பில் முதலில் கோபமாகப் பேசி, மேலே சாந்தமாகப் பேசிக் கேட்டால், அங்கே எவ்வளவு கேட்கும் என்று தெரிந்துவிடும் அல்லவா? சொன்னேன். கடையில் மைக்கை நீட்டினேன்.

"எங்க, திட்டு."

"யாரை?"

"மாப்பிள்ளையை. அன்னைக்குத் திட்டின மாதிரியே."

"சும்மா திட்டச் சொன்னா எப்படி வரும்?"

"என்னை நெனைச்சுக்கோ."

வந்தது. கடை வாசலில் ரேடியோ வாங்க வந்த ஒருத்தர் திரும்பிப் போய்விட்டார். அவ்வளவு நன்றாக வந்தது. அதன் மேல் அவள் சாந்தமாகப் பேசினாள். போட்டுக் கேட்டோம்.

அவள் பேசுகிற இடங்களில் அடிக்குரல் தெரியவில்லை. பேச்சு நிற்கிற இடங்களில் வந்தது. "உடம்பைப் பாத்துக்கோங்க" என்கிறாள், சின்ன இடைவெளி, கிணற்றுக்குள்ளிருந்து "வராதே". "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்", இடைவெளி, "கதவைத் திறக்க மாட்டேன்".

"எப்பவும் போல மூச்சு விடாம பேசித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றேன். "அன்பாப் பேசணும்னு நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கே. ஒவ்வொரு நிறுத்தத்துலயும் கதவைத் திறந்து விட்டிருக்கே."

"வாயை மூடுண்ணே" என்றாள். கண்ணில் தண்ணீர்.

பிறகு காத்திருப்பு. இவளைக் காத்திருக்க வைப்பதும் நெருப்பைப் பொட்டலம் கட்டுவதும் ஒன்று. தைத்த ஜாக்கெட்டைப் பிரித்து மறுபடி தைத்தாள். வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தாள். தபால்காரர் தெருமுனையில் தலை காட்டினால் இவள் மறுமுனையிலிருந்து எதிரே போவாள். அவர் கடைசியில் வேறு தெரு வழியாகச் சுற்றி வர ஆரம்பித்தார். காது மந்தமான மாமியார் கூட என்னைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சிக்கு என்ன ஆச்சுப்பா? நடந்து நடந்து தரையைத் தேய்க்கிறா. நேத்து ஊசியில்லாம மெஷினை மிதிச்சுக்கிட்டிருந்தா" என்றார்.

கடைக்கு வருவாள். எதையாவது எடுப்பாள், வைப்பாள்.

"மத்த அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு நம்ம பாஷை தெரியாதுன்னு அவர் ஒரு தடவை சொன்னாரு."

"அப்ப பாதி மானம் மிச்சம்" என்பேன்.

"மூணு பேருக்குத் தெரியுமே."

"தெரியாதவனும் தொனியைக் கேப்பானே."

"நீ ஆறுதல் சொல்றியா, கொலை பண்றியா?"

அவள் பயந்தது அவர் கோபிப்பார் என்று மட்டும் இல்லை. ஒரு நாள் சொன்னாள்: "அவர் திட்டினா பரவால்லண்ணே. ஒண்ணுமே சொல்லாம, 'எல்லாரும் நலமா'ன்னு எப்பவும் போல பேசிட்டு, ரெண்டு வருஷத்தை நாலு வருஷமாக்கிட்டார்னா? நான்தானே வராதேன்னு சொன்னேன்." மாப்பிள்ளையை அறிந்தவன் நான். அப்படிச் செய்யக்கூடியவர்தான். அதனால் அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை.

டேப் வந்தது. வீட்டில் போடவில்லை. தையலைக்கூடப் பிரிக்காமல் அப்படியே என் கடைக்குக் கொண்டுவந்தாள். பிரித்தால், அவள் அனுப்பிய அதே கேசட். அவள் பேசிய பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தில் பேசியிருந்தார்.

"நான் வெளியே நிக்கட்டுமா?" என்றேன்.

"மெஷினை யாரு பாக்குறது? நில்லு." சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

போட்டேன். முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு தொண்டையைச் செருமுகிறார்.

"கேக்குதா. நான்தான். டேப் வந்துச்சு. எப்பவும் போல எல்லாரும் உக்காந்துதான் போட்டோம். மொதல்ல ஏதோ வேற ஸ்டேஷன் கலக்குதுன்னு நெனைச்சோம். அப்புறம் யாரு குரல்னு தெரிஞ்சுது. ஒருத்தன் தண்ணி புடிச்சுட்டு வர்றேன்னு எழுந்தான். இன்னொருத்தன் நானும் புடிச்சுட்டு வர்றேன்னான். அஞ்சு பேரும் தண்ணி புடிக்கப் போயிட்டானுங்க. இங்க இருக்கிறது ஒரே ஒரு குடம்."

பம்பரம் சுவரில் நெற்றியை முட்டினாள்.

"தனியா திரும்பக் கேட்டேன். நெறைய தடவை. மேல பேசியிருந்தது யாரோ எழுதிக் கொடுத்துப் படிச்ச மாதிரி இருந்துச்சு. அடியில கேட்டதுதான் நம்ம வீட்டுச் சத்தம்."

நீண்ட இடைவெளி. மின்விசிறி மட்டும் ஓடியது. நான் டேப் நின்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன்.

"எனக்குக் கோவம் வராதுன்னு நெனைக்காதே. வந்துச்சு. வராதேன்னுட்டே. நான் இங்க என்ன விருந்துக்கா வந்திருக்கேன்? நாலு நாள் எவன்கிட்டயும் பேசல. அவனுங்களும் என்கிட்ட பேசல. உங்கிட்ட கேக்காம கையெழுத்துப் போட்டது தப்புதான். கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரியும். அதான் கேக்கல. அது அதைவிடத் தப்பு."

என் வாழ்நாளில் மாப்பிள்ளை இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

"அந்தப் பக்கத்தை அழிக்காதே. அப்படியே வச்சிரு. இந்தப் பக்கத்துல என் பேச்சு மேல பேசு. கோவமா இருந்தா கோவத்தை மேலயே பேசு. அடியில வச்சு அனுப்பினா தோண்டி எடுக்க என் காதுக்குத் தெம்பில்லை."

அவ்வளவுதான். 'வச்சுடறேன்' கூடச் சொல்லவில்லை.

பம்பரம் திரும்பினாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"உன் மெஷின் எரேஸ் ஹெட் நல்லா இருக்கா?" என்றாள்.

"யாரைப் பாத்து என்ன கேக்குறே? என் கடை மெஷின்டி இது."

"துடைச்சியா?"

"காலையில துடைச்சேன்."

"இன்னொரு தடவை துடை."

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அவள் என் தோளுக்கு மேல் குனிந்து பஞ்சைப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. கேசட்டை அவளே போட்டாள். மைக்கை அவளே இழுத்துக்கொண்டாள்.

"வெளியே போண்ணே."

"இது என் கடை."

"தெரியும். போ."

என் கடை வாசலில், நான் கட்டிய படியில், வேற்றாள் மாதிரி நின்றேன். கண்ணாடிக் கதவை அவள் உள்ளிருந்து சாத்திவிட்டாள். பழுது பார்க்கக் கொடுத்த ரேடியோவைக் கேட்டு ஒருத்தர் வந்தார்.

"உள்ள யாருங்க, சண்டையா?"

"இல்ல. ரிக்கார்டிங் நடக்குது."

"கை ஓங்குறாங்களே?"

"அது அப்படித்தான். நாளைக்கு வாங்க."

குரல் வெளியே வரவில்லை. வாய் மட்டும் தெரிந்தது. மேசையைத் தட்டினாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மைக் வயர் எட்டுகிற தூரம் வரை நடந்தாள், திரும்பி வந்தாள். மெஷினில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள் ஒன்று உண்டு. அது சிவப்புக் கோட்டுக்குள் போனால் குரல் கரகரவென்று உடையும். முள் சிவப்பிலேயே நின்றது. தொழில் தெரிந்தவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கண்ணாடியைத் தட்டி, குறைத்துப் பேசு என்று கை காட்டினேன்.

அவள் பார்த்தாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.